கறுப்புப் பொடியும் வலிக்களிம்பும்

பதினான்கு பேர் பார்த்துக்கொண்டிருக்க, என் வலது கையைப் பிடித்து இழுத்து, மூக்கருகே வைத்து மோந்து பார்த்தார் என் அண்ணி. நடந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அந்தப் பதினான்கு பேரில் பாதிப்பேர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள். எனக்கு மட்டும் அது நேற்றுக் காலை நடந்ததுபோல இருக்கிறது. அன்றைக்கு ஒட்டிய பட்டப்பெயர் இன்றுவரை உரியவில்லை. எங்கள் குடிநீர் நிலையத்துக்கு வந்து ‘களிம்பு எங்கே?’ என்று கேட்டுப் பாருங்கள். வாசல் காவலாளி முதற்கொண்டு எல்லாரும் என்னைத்தான் காட்டுவார்கள்.

அண்ணியைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் தன் குறையைப் பாடுகிறானே என்று நினைக்க வேண்டாம். தொண்டையில் முள் இருக்கும்போது சோறு இறங்காது. முள்ளை எடுத்துப் போட்டுவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

அண்ணனும் அண்ணியும் மாடியில், நானும் என் மனைவியும் கீழே. ஒரே வீடு. வேலையும் ஒரே இடம். அவர் ஆய்வுக்கூடத்தில், நான் ஆற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வந்து அந்த ஆய்வுக்கூடத்தில் கொடுக்கிறவன். வீட்டில் ஏச்சு வாங்கிவிட்டு வேலைக்குப் போனால், அங்கே அதே வாய் எனக்கு முன்னால் போய்க் காத்திருக்கும்.

அண்ணி பத்தாவது வரை படித்தவர். நான் ஆறோடு நின்றவன். அண்ணன் எட்டு, கைக்கடிகாரம் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். ஆக எங்கள் குடும்பத்தில் படிப்பாளி என்றால் அவர்தான். அதை அவர் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. பார்வையால் சொல்லிவிடுவார்.

அவர் முதலில் சேர்ந்தது பாட்டில் கழுவும் வேலைக்கு. வடிகட்டும் தொட்டிகளுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட நீளமான அறை. ஒரு பக்கம் முழுக்கக் கல் தொட்டிகள், எதிர்ப்பக்கம் பாட்டில்களைக் கவிழ்த்து வைக்க ஆணி அடித்த பலகை. நாளொன்றுக்கு இருநூறு பாட்டில். சோப்பு, குழாய்த் தண்ணீர் மூன்று தடவை, பிறகு அமிலத்தில் ஒரு ராத்திரி ஊறல், மறுபடி வடித்த தண்ணீர் மூன்று தடவை. மற்றவர்கள் மூன்று என்றால் இரண்டோடு நிறுத்துவார்கள், யார் எண்ணப்போகிறார்கள்? அண்ணி எண்ணுவார். கழுவி முடித்த பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்ப்பார். பெண் பார்க்கப் போனவர்கள்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள். பிடிக்கவில்லை என்றால் திரும்பவும் தொட்டிக்குத்தான். பதினோரு வருஷம் இப்படியே ஓடியது.

அப்புறம் டாக்டரம்மா வந்து சேர்ந்தார். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, படித்துப் பட்டம் வாங்கிய டாக்டர். அவர் வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது விளங்காது.

நாம் விழுங்குகிற மாத்திரை முழுக்க நம் உடம்பிலேயே தங்கிவிடுவதில்லை. ஒரு பங்கு வெளியே போய்விடுகிறது. எங்கே போகும்? சாக்கடைக்கு. சாக்கடை எங்கே போகும்? சுத்தம் செய்து ஆற்றில் விடுகிறார்கள். ஆனால் அழுக்கை எடுக்கிற தொட்டி மருந்தை முழுக்க எடுப்பதில்லை. எங்கள் ஆற்றின் மேல்புறத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி, அதைச் சுற்றி மூட்டு வலிக்காரர்கள் நிறைந்த நகரம். கீழ்ப்புறத்தில் நாங்கள் தண்ணீர் எடுக்கிறோம். அந்தத் தண்ணீரில் வலிமருந்து எவ்வளவு வருகிறது என்று தெரிய வேண்டும். டைக்ளோஃபெனாக் என்று நீளமாக ஒரு பெயர் உண்டு. எங்களுக்கு அது வலிமருந்து. முன்பெல்லாம் பாட்டிலைத் தலைநகரத்துப் பெரிய ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவோம். விடை வர மூன்று வாரம். அதற்குள் அந்தத் தண்ணீரைக் குடித்து, வேர்த்து, மறந்தே போயிருப்போம். ஒரு மணி நேரத்தில் இங்கேயே சொல்லிவிடலாம் என்று வந்தவர்தான் டாக்டரம்மா. அதற்கு அவர் கொண்டுவந்த ஆயுதம் ஒரு கறுப்புப் பொடி.

பொடி என்றால் மாவு மாதிரி என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு தலைமுடியின் குறுக்கே ஆயிரக்கணக்கில் வரிசை கட்டி நிற்கிற அளவுக்குச் சின்னத் துகள். பாதி இரும்பு, பாதி கரி ஏடு. டாக்டரம்மா அதைக் கலப்பு நுண்பொருள் என்பார். அண்ணி சொன்னது, இரும்புக்கும் கரிக்கும் கல்யாணம். கரி மருந்தைப் பிடித்துக்கொள்ளும். இரும்பு காந்தத்தின் பேச்சைக் கேட்கும். ஆற்றுத் தண்ணீரில் பொடியைக் கலக்கிக் குலுக்கினால் தண்ணீர் மை மாதிரி ஆகிவிடும். பாட்டிலின் பக்கவாட்டில் காந்தத்தை வைத்தால், அத்தனை கறுப்பும் ஊர்ந்து ஊர்ந்து ஒரு பக்கமாகப் போய் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் பளிச்சென்று நிற்கும். அந்தப் பொடியை எடுத்து நகத்தளவு உள்ள ஒரு கரிமுனையின் மேல் வைத்து, மின்சாரத்தை மெல்ல மெல்ல ஏற்றுவார்கள். மருந்து இருந்தால் திரையில் ஓடுகிற கோடு ஒரு இடத்தில் மேடாக எழும்பும். இல்லையென்றால் மட்டமாகப் போகும். மேடு உயர்ந்தால் மருந்து அதிகம். இதற்குமேல் எனக்குத் தெரியாது. இவ்வளவு தெரிந்தால் போதும்.

சிக்கல் என்னவென்றால், டாக்டரம்மாவுக்குப் பொடி சரியாக வரவில்லை. மஞ்சளாக ஒரு இரும்பு உப்பு, வெளிர்பச்சையாக இன்னொன்று. இரண்டையும் கரைத்து, சூடாக்கி, அமோனியாவை விட வேண்டும். அம்மாவுக்குப் படிப்பு ஏராளம், பொறுமை ஒரு சிட்டிகை. அவர் செய்தால் பொடி திரண்டு கட்டி கட்டியாக, அடிப்பிடித்த பாத்திரத்தைச் சுரண்டியதுபோல வரும். பாட்டில் கொண்டுபோய்க் கொடுத்த அண்ணி இரண்டு நாள் வாசலில் நின்று பார்த்தாராம். மூன்றாம் நாள் உள்ளே போய், “நீங்க செடிக்குத் தண்ணி ஊத்துற மாதிரி ஊத்துறீங்கம்மா. அது பயந்துபோய் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குது” என்றாராம். நீயே செய்து பார் என்று டாக்டரம்மா நாற்காலியைத் தள்ளிவிட்டிருக்கிறார்.

அண்ணி உட்கார்ந்தார். ஒரு மூச்சு, ஒரு சொட்டு. இன்னொரு மூச்சு, இன்னொரு சொட்டு. கரைசல் பழுப்பாகி, பிறகு கண் இமைக்கும் நேரத்தில் கறுத்தது. முக்கால் மணி நேரம் நாற்காலியை விட்டு அசையவில்லை. அப்புறம் கழுவல். காந்தத்தை வைத்துக் கறுப்பை ஒதுக்கி, மேலே நிற்கிற தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீர் ஊற்றி, மறுபடி குலுக்கி, மறுபடி காந்தம். டாக்டரம்மா மூன்று தடவை போதும் என்பார். அண்ணி ஏழு தடவை. அந்தப் பொடி பத்து நாள் ஆகியும் கட்டி தட்டவில்லை, அடியில் தங்கவில்லை. மறுவாரமே பாட்டில் கொட்டகையிலிருந்து அண்ணிக்கு விடுதலை. மேல் மாடியில் மேற்கு ஜன்னல் உள்ள அறையில் தனி மேஜை, வெள்ளை அங்கி, தீப்பெட்டி அளவில் ஒரு காந்தம்.

அந்தக் காந்தத்தால் வீட்டில் ஒரு சண்டை வந்தது. வேலை முடிந்ததும் அதை மேஜை இழுப்பறையில் வைத்துவிட்டு வருவதுதான் வழக்கம். ஒருநாள் மறந்து அங்கிப் பையிலேயே வைத்துக்கொண்டு, வரும் வழியில் அண்ணன் கடைக்குப் போய் அவன் மேஜையில் சாய்ந்து கால் மணி நேரம் கதை பேசியிருக்கிறார். மறுநாள் காலை பதினோரு கைக்கடிகாரம் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தன. காந்தம் பட்டால் உள்ளே இருக்கிற மயிரிழைச் சுருள் ஒட்டிக்கொண்டு கடிகாரம் வேகமாக ஓடுமாம். அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு என்னிடம் வந்தான். “உங்க அண்ணி பக்கத்துல வந்து நின்னாலே காலம் ஓடுதுடா.” அவன் புகாராகத்தான் சொன்னான். மாடிப்படியில் நின்ற அண்ணி அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சரி, அந்த நாளுக்கு வருகிறேன்.

டாக்டரம்மாவின் அறைக்கு ஒரு வருஷம்தான் தவணை. வருஷக் கடைசியில் வெளியிலிருந்து ஒரு குழு வரும். சரியாகச் செய்கிறார்களா என்று சோதிக்கும். தேறினால் அறை நிலைக்கும். தவறினால் பூட்டு. டாக்டரம்மாவுக்கு வேறு ஊரில் வேலை கிடைக்கும். அண்ணிக்கு? மறுபடி தகரக் கொட்டகை, இருநூறு பாட்டில். அவர் எங்களிடம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க வீட்டில் ஏற்கெனவே துலக்கிய பாத்திரத்தையே திரும்பத் திரும்பத் துலக்கிக்கொண்டிருந்தார் என்று என் மனைவி சொன்னாள்.

எனக்கும் அப்போது ஒரு ரகசியம் இருந்தது. முட்டி. பைப்பு வேலையில் குழிக்குள் மண்டியிட்டே பத்து வருஷம் போட்டவன் நான். இரண்டு முட்டியும் தேய்ந்து, நடந்தால் துருப்பிடித்த கதவு மாதிரி முனகும். ஆற்றில் தண்ணீர் எடுக்கிற இடத்துக்கு நாற்பத்திரண்டு படி. முட்டி போனவனை அந்த வேலையில் வைக்க மாட்டார்கள், வாசலில் உட்கார வைத்துவிடுவார்கள். அதனால் மூச்சு விடவில்லை. வீட்டில் இரண்டு மனைவிமாருக்கும் தெரியும். என்னுடையவள், அண்ணனுடையவர். அண்ணனுக்குத் தோள் வலி. அவனுக்காக மருந்துக்கடையில் வலிக்களிம்பு வாங்கியபோது அண்ணி எனக்கும் ஒரு டியூப் வாங்கி வந்து, என் மனைவியிடம் கொடுத்தார். ஆய்வுக்கூடத்துப் பழக்கத்தில் அதன் மேல் சிவப்பு மையால் தேதி வேறு எழுதிக் கொடுத்தார். எந்த டப்பாவைப் பிரித்தாலும் பிரித்த தேதியை எழுதாமல் அவருக்குத் தூக்கம் வராது. எங்கள் வீட்டு உப்பு டப்பாவில்கூட தேதி இருக்கும்.

குழு வந்தது. தலைவர் வெள்ளைத் தாடிக்காரர். சிரித்தால் அபராதம் என்பதுபோல ஒரு முகம். அவர்கள் மூன்று ரகசிய பாட்டில் கொண்டுவந்திருந்தார்கள். எதில் எவ்வளவு மருந்து என்று அவர்களுக்கு மட்டும் தெரியும். ஆனால் அதற்கு முன் வெறும் பாட்டிலைச் சோதிக்க வேண்டும். வெறும் பாட்டில் என்றால், வடித்த சுத்தத் தண்ணீரை நிரப்பி என்னோடு ஆற்றுக்கு அனுப்புவார்கள். அங்கே மூடியைத் திறந்து, கொஞ்ச நேரம் காற்றாட விட்டு, மூடித் திரும்பக் கொண்டுவர வேண்டும். ஊர் சுற்றினாலும் ஊர்வம்பு ஒட்டாமல் திரும்பவேண்டிய பாட்டில் அது. கோடு மட்டமாகப் போனால்தான் மற்ற சோதனைக்கே மதிப்பு.

அறைக்குள் பதினான்கு பேர். நான் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு வாசலில் நின்றேன். டாக்டரம்மா இயந்திரத்தைத் தட்டினார். கோடு மட்டமாக வந்து, வந்து, நடுவில் ஒரு மேடு எழுந்தது. சின்ன மேடு இல்லை. ஒட்டகத்தின் முதுகு.

வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதைதான். டாக்டரம்மா முகம் வெளுத்துவிட்டது. தாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெறும் தண்ணீரில் மருந்து இருக்கிறது என்று சொல்கிற இயந்திரம், மருந்துக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லும், தண்ணீரா என்று கேட்டார். இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு, பொடி சரியாகக் கழுவாததால் பழைய மருந்து அதிலேயே தங்கியிருக்கும் என்றார். பொடியைக் கழுவுவது யார்?

எல்லாரும் அண்ணியைப் பார்த்தார்கள்.

அண்ணி அங்கியில் கையைத் துடைத்துக்கொண்டார். “ஒரு மணி நேரம் குடுங்க ஐயா. டீ குடிச்சிட்டு வாங்க. வந்ததும் எங்க தப்புன்னு சொல்றேன். என் தப்பா இருந்தா நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன்.”

அவர்கள் போனார்கள். அண்ணி கரிமுனையை ஈரத் துணியில் வைத்து எட்டு வடிவத்தில் தேய்த்துப் பளபளப்பாக்கினார். அவசரமே இல்லை. முதலில் பொடியை மட்டும் புதுத் தண்ணீரில் போட்டுப் பார்த்தார், கோடு மட்டம். பிறகு அலமாரியிலேயே இருந்த, அதே நாள் கழுவிய இன்னொரு பாட்டில், மட்டம். பிறகு என்னோடு வந்த பாட்டில், அதே ஒட்டகம். அதற்குள் பதினான்கு பேரும் திரும்ப வந்து நின்றுவிட்டார்கள்.

“பொடி சுத்தம். பாட்டில் சுத்தம். தண்ணி சுத்தம்” என்றார் அண்ணி. “மிச்சம் இருக்கிறது இதைத் தூக்கிட்டுப் போன கை.”

நேராக வாசலுக்கு வந்தார். என் கையைப் பிடித்தார். மோந்தார். வீட்டில் அண்ணன் தோளில் தினமும் வருகிற வாடை, தெரியாமலா இருக்கும்?

“முட்டிக்கு என்ன போட்டீங்க தம்பி?”

அந்த இடத்தில் பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். விழுங்கவில்லை. காலையில் நாற்பத்திரண்டு படியும் இறங்கி, வலி தாங்காமல் கடைசிப் படியில் உட்கார்ந்து, களிம்பை நன்றாகத் தேய்த்துவிட்டு, அதே கையால்தான் மூடியைத் திறந்தேன். எதை இந்த ஆற்றில் தேடுகிறோமோ, அதையே விரலில் எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன். சட்டைப் பையிலிருந்த டியூபை எடுத்துக் கொடுத்தேன். வேறென்ன செய்ய? அண்ணி டியூபில் இருந்த மருந்தின் பெயரைச் சத்தமாகப் படித்தார். டைக்ளோஃபெனாக். பிறகு அறை முழுக்கச் சிரிப்பு. அபராதம் கட்டியாவது சிரிப்பேன் என்று தாடிக்காரரும் சிரித்தார்.

நான் அண்ணியைப் பார்த்தேன். டியூபின் மேல் சிவப்பு மையில் தேதி, அவர் கையெழுத்து. அந்த அறையில் இருக்கிற அத்தனை பாட்டிலிலும் அதே கையெழுத்து, அதே சிவப்பு மை. யாராவது எட்டிப் பார்த்திருந்தால் போதும். அண்ணி உள்ளங்கையை மூடி, டியூபை அங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

இதை வாங்கிக் கொடுத்ததே நீங்கள்தானே என்பது என் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருந்தால், மருந்தைத் தேடுகிறவரே மருந்தை விநியோகம் செய்கிறாரா என்று தாடிக்காரர் கேட்டிருப்பார். அதோடு அறை போயிருக்கும். விழுங்கிவிட்டேன். எந்த மாத்திரையும் அப்படிக் கசந்ததில்லை.

சோப்புப் போட்டுக் கை கழுவ வைத்து, கையுறை மாட்டி, என்னைத் திரும்ப ஆற்றுக்கு அனுப்பினார்கள். நாற்பத்திரண்டு படி, களிம்பு இல்லாமல். புது வெறும் பாட்டில் வந்தது. கோடு சிலேட்டுப் பலகை மாதிரி கிடந்தது. மூன்று ரகசிய பாட்டிலில் இரண்டில் மருந்து, ஒன்றில் ஒன்றுமில்லை. அளவும் அவர்கள் சொன்னதோடு ஒத்துப்போயிற்று. வெறும் பாட்டிலில் வந்த தப்பையே கண்டுபிடித்துவிட்டார்களே, இதற்குமேல் என்ன வேண்டும் என்று தாடிக்காரர் கையெழுத்துப் போட்டார். அறை நிலைத்தது.

நான் நிலைக்கவில்லை. முட்டி விஷயம் அம்பலமாகிவிட்டதே. எட்டு மாதம் பாட்டில் கழுவப் போட்டார்கள். அதே தகரக் கொட்டகை. அண்ணி சாயங்காலம் மேலிருந்து இறங்கி வந்து, நான் கழுவிய பாட்டிலை ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். திருப்பித் தொட்டியில் வைப்பார். அந்த எட்டு மாதத்தில் நான் மாடிப் பக்கம் ஏறவில்லை. உங்கள் கோபத்துக்கு அக்கா என்ன செய்வார்கள் என்று என் மனைவி கேட்டாள். நீ சும்மா இரு என்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் என்னைக் கூப்பிட்டு நீளமான ஒரு கம்பைக் காட்டினான். நுனியில் சுருள்வில் வைத்த பிடி. பாட்டிலைக் கவ்வும், மேலிருந்து கயிற்றை இழுத்தால் மூடி திறக்கும். கரைச் சுவரில் நின்றபடியே தண்ணீர் எடுக்கலாம். ஒரு படிகூட இறங்க வேண்டாம். கைக்கடிகாரத்துக்குள் நுழைகிற அவன் விரல், இரண்டு மாதம் இந்தக் கம்போடு மல்லுக்கட்டியிருக்கிறது. யார் செய்யச் சொன்னது என்று கேட்டேன். “தெரியாத மாதிரி கேளு” என்றான். அந்தக் கம்பை எடுத்துக்கொண்டு நான் ஆற்றுக்குத் திரும்பினேன். இன்றைக்கும் அதுதான். நன்றி என்று நானும் சொல்லவில்லை, மன்னிப்பு என்று அவரும் கேட்கவில்லை. எங்கள் குடும்பத்தில் அந்த இரண்டு சொல்லும் விருந்தாளிகளுக்கு மட்டும்தான்.

அந்த நாளிலிருந்து ஆய்வுக்கூட வாசலில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. காலையில் யார் உள்ளே போனாலும் அண்ணியிடம் கையை நீட்ட வேண்டும். அவர் மோந்து பார்த்துத் தலையை ஆட்டினால் உள்ளே. இல்லையென்றால் கழுவும் தொட்டி. தலைமைப் பொறியாளர்கூட நீட்டுவார். தலைவலித் தைலம், வாசனைத் திரவியம், புகையிலை, எதுவும் அவர் மூக்கைத் தாண்டாது. வரிசையில் நிற்கிறவன் எவனாவது என்னைப் பார்த்து, “எல்லாம் உங்களாலதான் களிம்பண்ணே” என்பான். எல்லாரையும்விட அதிக நேரம் என் கையைத்தான் மோந்தார் என்று எனக்கொரு எண்ணம்.

போன வெள்ளிக்கிழமை அண்ணிக்கு வேலையில் கடைசி நாள்.

மாலையில் தேநீரும் பேச்சும் இருந்தது. காலையிலோ அவர் வழக்கம்போல ஏழரைக்கே அறையில் இருந்தார். போகும்முன் ஒரு தொகுதிப் பொடி செய்து வைத்துவிட்டுப் போக ஆசை. இன்னும் மூன்று மாதத்துக்கு வரும். நான் வெறும் பாட்டில் வாங்கப் போனேன். மேற்கு ஜன்னலில் வெயில் இன்னும் வரவில்லை. மேஜையைத் துடைத்து, காந்தத்தை அதன் டப்பாவில் வைத்திருந்தார். டப்பாவின் மேல் சிவப்பு மையில் தேதி. பக்கத்தில் தடித்த அட்டை போட்ட ஒரு நோட்டு.

அதை எனக்குத் தெரியும். தப்புப் புத்தகம் என்பார்கள். அறையில் எந்தத் தவறு நடந்தாலும், செய்தவரே தன் கையால் அதில் எழுத வேண்டும் என்பது டாக்டரம்மா போட்ட விதி. அந்த நாள் சாயங்காலம் என்னையும் எழுதச் சொன்னார்கள். ‘முட்டிக்குக் களிம்பு போட்ட கையால் பாட்டிலைத் திறந்தேன்’ என்று எழுதி, பேனாவைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்தவன்தான். அதற்கப்புறம் அந்த நோட்டை நான் தொட்டதில்லை.

“இதைக் கொண்டுபோய் டாக்டரம்மா அலமாரில வச்சிடுங்க தம்பி” என்றார். எடுத்தேன். கனமாக இருந்தது. எதற்கோ விரித்தேன், என் கையெழுத்து இருந்த பக்கம் தானாக வந்தது. பல பேர் விரித்துப் பார்த்த பக்கம்போல.

என் வரிக்குக் கீழே, அதே தேதியில், சிவப்பு மையில் இன்னொரு வரி இருந்தது. ‘அந்தக் களிம்பை வாங்கிக் கொடுத்தது நான். எந்த மருந்தைத் தேடுகிறேனோ அதே மருந்து என்று யோசிக்கவில்லை. தவறு இருவருடையது, பெரிய பங்கு என்னுடையது.’ கீழே கையெழுத்து.

ஒன்பது வருஷம். டாக்டரம்மா படித்திருக்கிறார், தலைமைப் பொறியாளர் படித்திருக்கிறார், புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் முதல் நாளே இந்த நோட்டைப் படிக்க வேண்டும் என்று விதி. படிக்காதவன் நான் ஒருவன்தான்.

“நீங்க படிச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்” என்றார் அண்ணி, பீக்கரைக் கழுவிக்கொண்டே. “அப்பவே சொல்லியிருந்தா ரூமைப் பூட்டியிருப்பாங்க. அதான் சாயங்காலம் எழுதினேன். நீங்க அன்னைக்கு வாயைத் திறக்கல. அது எனக்குத் தெரியும்.”

பாட்டில் ரெடியா என்று கேட்டேன்.

அவர் கதவு வரை போய், நடையில் யாராவது வருகிறார்களா என்று பார்த்துவிட்டுத் திரும்பினார். பிறகு சொன்னார். போன வருஷம் வந்த காய்ச்சலுக்குப் பிறகு அவருக்கு வாசனையே தெரிவதில்லை. எதுவும். அமோனியாகூடக் கண் எரிவதை வைத்துத்தான். அப்படியானால் ஒரு வருஷமாக வாசலில் எங்கள் கையையெல்லாம் மோந்தது?

“கையை எங்க மோந்தேன்? மூஞ்சியைப் பார்த்தேன். தப்புப் பண்ணினவன் கையை நீட்டும்போதே கண்ணு ஓடும்.” “நீங்க முட்டியை மறைச்ச மாதிரி நான் மூக்கை மறைச்சேன். இதையும் இன்னைக்குப் புத்தகத்துல எழுதணும். எழுதிட்டுத் தரேன், அப்புறம் கொண்டுபோங்க.”

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அந்த அறையில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

மஞ்சள் உப்பும் பச்சை உப்பும் கரைத்துத் தயாராக இருந்தன. அமோனியாக் குழாயின் கீழே காலி பீக்கர். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார், உட்காரவில்லை. இன்று காலை அண்ணனுக்குத் தோளைத் தூக்க முடியவில்லையாம். அந்தச் சோதனை நாளுக்கு அப்புறம் அந்தக் களிம்பை அவர் விரலால் தொட்டதே இல்லை. இன்றைக்கு வேறு வழியில்லாமல் அவரே தேய்த்துவிட்டிருக்கிறார். மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவியாயிற்று. ஆனாலும் போயிற்றா இல்லையா என்று அவருக்கு எப்படித் தெரியும்? போகாமல் இருந்தால், இந்தக் கடைசிப் பொடி மூன்று மாதத்துக்கு ஒட்டகம் காட்டும்.

இரண்டு கையையும் என் முகத்துக்கு நேரே நீட்டினார். அமோனியாவில் வெளுத்த நகம், கறுப்பு ஏறிப் போகவே போகாத விரல் இடுக்கு.

“மோந்து பாருங்க தம்பி. இருந்தா இருக்குன்னு சொல்லணும். உறவு பார்க்கக் கூடாது.”